எல்லாருக்கும் பொதுத் தெரு

திண்டிவனத்திலிருந்து சென்னை போகும் வழியில் மதுராந்தகம் இருக்கிறது அல்லவா? அந்தத் தாலுகாவில் உள்ள கோழியாளம் கிராமத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். கோவையில் படித்தபோது, மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியிலேயே புத்தகமும் கையுமாக இருப்பார். தன் சாதி தெரிந்தால் கொடுமை செய்வார்களோ என்று பயம்! மற்ற பிள்ளைகளோடு விளையாடவும் மாட்டார். அந்த வயதில் அது எவ்வளவு கஷ்டம், பாருங்கள்!

அந்தப் பையன்தான் வளர்ந்து, 1893-ல் 'பறையன்' என்று தன் சாதிப் பெயரையே வைத்துப் பத்திரிகை நடத்தினார். சென்னை சட்டசபை உறுப்பினராகி, 1924-ல் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத் தெரு, கிணறு, குளம் எதிலும் ஒடுக்கப்பட்டோரைத் தடுக்கக்கூடாது என்பதே அது. தீர்மானம் நிறைவேறியது. அமெரிக்காவில் உணவு விடுதிகளில் கறுப்பின மக்களை ஒதுக்கக்கூடாது என்று நாடு முழுவதற்குமான சட்டம் 1964-ல்தான் வந்தது. இங்கோ, தீர்மானம் வந்த பிறகும் பல ஊர்க் கிணறுகளில் தடுப்பது நிற்கவில்லை. சீனிவாசனும் விடவில்லை. 1930-ல் அம்பேத்கருடன் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கே போய் உரிமை கேட்டார். 1945-ல் மறைந்தார்.