பதினேழு முறை கருவுற்ற ராணி

1702 ஏப்ரல் மாதம் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் ஆன் ராணிக்கு முடிசூட்டு விழா. கீல்வாத உபாதையால் நடக்க இயலாத ராணியை நாற்காலியில் வைத்துச் சுமந்து வந்தார்கள். வயது 37தான். ஆனால் அதற்குள் 17 முறை கருவுற்றுக் களைத்துப்போன உடல் அது.

டென்மார்க் இளவரசர் ஜார்ஜை அவர் மணந்தது 1683ல். மறு வருஷமே முதல் பிரசவம். பெண் சிசு உயிரற்றுப் பிறந்தது. பிறகு பிறந்த இரண்டு பெண் குழந்தைகளையும் 1687 பிப்ரவரியில் வைசூரி சில தினங்களுக்குள் கொண்டுபோயிற்று. பின்னர் உயிரோடு பிறந்த இரண்டு சிசுக்கள் அன்றைக்கே கண்மூடின. மற்றவையெல்லாம் கருச்சிதைவு, அல்லது செத்துப் பிறந்தவை.

தங்கியது ஒரே பிள்ளை. 1689ல் பிறந்த வில்லியம். தலை பெருத்த பிள்ளை. படி ஏற ஒருவர் கை கொடுக்க வேண்டும். ஆனாலும் சிறுவர்களைக் கூட்டிப் படை அமைத்து, அணிவகுப்பு நடத்தி மகிழ்வான். 1700 ஜூலை 24ந் தேதி அவனுக்குப் பதினோராவது பிறந்த நாள். அந்தக் கொண்டாட்டம் முடிந்ததுமே காய்ச்சல் கண்டது. வைத்தியர்கள் ரத்தத்தை வெளியேற்றிப் பார்த்தார்கள். அக்காலத்தில் எதற்கும் அதுதானே மருந்து! 30ந் தேதி பிள்ளை போய்விட்டான். அந்த ஜனவரியில்தான் ஆனின் கடைசிக் கர்ப்பமும் வீணாகியிருந்தது.

இத்தனை இழப்புக்குக் காரணம் என்ன? தாயின் ரத்தம் எளிதில் உறைந்து, நஞ்சுக்கொடியின் குழாய்களை அடைத்துக் கருவை அழிக்கும் ஒரு நோயை 1983ல் லண்டன் டாக்டர் ஒருவர் விவரித்தார். ராணிக்கும் அதுவே இருந்திருக்கலாம் என்று சிலர் கருதுகிறார்கள். மூன்று நூற்றாண்டு கழித்து எப்படி நிரூபிப்பது? இன்று ரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். சிறு அளவு ஆஸ்பிரின் மாத்திரையும் ஹெப்பாரின் ஊசியும் கொடுத்தால், அத்தகைய தாய்மார்களில் பெரும்பாலோர் உயிருள்ள குழந்தையைப் பெறுகிறார்கள். குறைமாதப் பிரசவமும் எடை குறைந்த சிசுவும் அவர்களிடையே சற்று அதிகம் என்பதால், கடைசி வரை கண்காணிப்பு வேண்டும்.

ஆனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. வில்லியம் இறந்த மறு வருஷமே பார்லிமெண்ட் சட்டம் இயற்றி, கத்தோலிக்க உறவினர் ஐம்பதுக்கும் மேற்பட்டோரை ஒதுக்கி, ஜெர்மனியின் ஹானோவர் குடும்பத்துக்கு உரிமை கொடுத்தது. 1714 ஆகஸ்ட் 1ந் தேதி ராணி காலமானார். இங்கிலீஷ் அதிகம் பேசத் தெரியாத ஜார்ஜ், ஹானோவரிலிருந்து வந்து சிம்மாசனம் ஏறினார். பிற்காலத்தில் இந்தியாவின் சக்கரவர்த்தினியான விக்டோரியா மகாராணி அவருடைய வம்சத்தில் வந்தவரே.