தூரிகையால் விண்வெளிக்குப் போனவர்

அமெரிக்காவில் நியூ ரோஷெல் என்று ஓர் ஊர். அங்கு 1909-ம் ஆண்டு பிறந்தவர் அலெக்ஸ் ரேமண்ட். தகப்பனார் என்ஜினீயர். மகன் வரையும் படங்களை எடுத்துப்போய், தன் ஆபீஸ் சுவரில் ஒட்டி வைப்பார்! ஆனால் பையனுக்கு 12 வயது ஆனபோது, அவர் இறந்துவிட்டார்.

அலெக்ஸ் வளர்ந்து, நியூயார்க் பங்கு மார்க்கெட்டில் குமாஸ்தா ஆனார். 1929-ல் மார்க்கெட் சரிந்தது. லட்சாதிபதிகளே தெருவுக்கு வந்தார்கள். குமாஸ்தா எம்மாத்திரம்? அலெக்ஸ் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். பத்திரிகைகளுக்குப் படக்கதை வரைந்த ரஸ் வெஸ்ட்ஓவரிடம் உதவியாளராக இருந்து, தொழில் கற்றார்.

ஒரே மாதத்தில் 3 கதைகள்

1934 ஜனவரியில் அவருடைய 3 படக்கதைகள் தொடங்கின. ஒன்று காட்டுக்கதை. ஒன்று துப்பறியும் கதை. மூன்றாவதுதான் "பிளாஷ் கார்டன்".

பிளாஷ் கார்டன் ராக்கெட்டில் ஏறி, மோங்கோ என்ற கிரகத்துக்குப் போகிறான். அங்கு மிங் என்ற கொடிய சக்கரவர்த்தி. பிளாஷ் பிடிபடுவான், தப்புவான், மறுபடியும் பிடிபடுவான். கதை சுமார்தான். ஆனால் படம்? கண்ணை எடுக்க முடியாது!

ஆட்களை எதிரே நிறுத்தி, பார்த்துப் பார்த்து வரைவார் ரேமண்ட். வீரனின் புஜம் புடைத்து நிற்கும். அங்கியின் மடிப்பு காற்றில் ஆடும். இறகால் தடவியதுபோல மெல்லிய தூரிகைக் கோடுகள். பின்னாளில், பேச்சை வாயருகே எழுதுவதையும் விட்டுவிட்டார். எழுத்து படத்தை மறைக்கக்கூடாது அல்லவா?

1944-ல் மரைன் படை வீரர் ஆனார். யுத்தம் முடிந்து திரும்பினால், பிளாஷ் கார்டன் வேறொருவர் கையில்! 10 ஆண்டு உழைப்பு. அது அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

ரேமண்ட் சோர்ந்துவிடவில்லை. 1946 மார்ச்சில் "ரிப் கெர்பி" பிறந்தான். மூக்குக்கண்ணாடி போட்ட துப்பறிவாளன். அவனுடைய வேலைக்காரன் டெஸ்மண்ட், முன்னாள் திருடன்! ராக்கெட் இல்லை, கலரும் இல்லை. வெறும் கறுப்பு மை. பாதி முகத்தில் விளக்கு வெளிச்சம், பாதி முகத்தில் இருட்டு. அதிலேயே பயம் தெரியும். முத்து காமிக்ஸ் படித்த தமிழ்ச் சிறுவர்களுக்கும் ரிப் கெர்பி பழக்கமானவன்.

ரேமண்டுக்கு வேகமான கார்கள் என்றால் உயிர். 1956 செப்டம்பர் 6-ந்தேதி, சக ஓவியர் ஸ்டான் டிரேக்கின் காரை அவர் ஓட்டினார். கார் மரத்தில் மோதியது. டிரேக் பிழைத்தார். ரேமண்ட் பிழைக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 46.

ரிப் கெர்பியை ஜான் பிரெண்டிஸ் என்ற ஓவியர் தொடர்ந்து வரைந்தார். 1999 வரை அந்தக் கதை வந்தது.