அலெக்ஸ் ஹார்வி

அலெக்ஸ் ஹார்வி (பெப்ரவரி 5, 1935 – பெப்ரவரி 4, 1982) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த புளூஸ், ராக் இசைப் பாடகர் ஆவார். 1970களில் பிரித்தானியாவில் புகழ்பெற்ற சென்சேஷனல் அலெக்ஸ் ஹார்வி பாண்ட் என்ற இசைக்குழுவின் தலைவராக இருந்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மேடைகளில் பாடிய பின்னர், 40ஆவது வயதிலேயே இவருக்கு முதல் வெற்றிப்பாடல் கிட்டியது.

தொடக்க காலம்

ஹார்வி கிளாஸ்கோ நகரின் கின்னிங் பார்க் பகுதியில், தொழிலாளர் குடும்பமொன்றில் பிறந்தார். இளமையில் பல வேலைகளைச் செய்தவாறே ஸ்கிஃபில் இசைக்குழுக்களில் பாடினார். 1950களில் ஸ்காட்லாந்தின் டாமி ஸ்டீல் யார் எனத் தேடிய போட்டியொன்றில் வெற்றி பெற்றார். பின்னர் சோல் இசைக்குழு ஒன்றை அமைத்து, செருமனியின் ஹாம்பர்க் நகர மன்றங்களில் பாடினார். இவரது முதல் இசைத்தொகுப்பு 1964இல் வெளியானது. அது பெரிய வெற்றி பெறவில்லை. பின்னர் லண்டனில் ஹேர் என்னும் இசைநாடகத்தின் வாத்தியக் குழுவில் கித்தார் வாசித்தார்.

தம்பியின் மரணம்

இவரது தம்பி லெஸ் ஹார்வி, ஸ்டோன் த குரோஸ் குழுவின் கித்தார் கலைஞர். 1972 மே மாதம் வேல்சின் சுவான்சி நகரில், முறையாக நில இணைப்புச் செய்யப்படாத ஒலிவாங்கியைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி மேடையிலேயே இறந்தார். அதே ஆண்டில் அலெக்ஸ், டியர் காஸ் என்ற கிளாஸ்கோ குழுவினருடன் இணைந்து புதிய குழுவை அமைத்தார்.

புகழ்

கோடிட்ட சட்டை அணிந்த ஹார்வியும், முகத்தில் வெள்ளைச் சாயம் பூசிய கித்தார் கலைஞர் சால் கிளெமின்சனும் பாடல்களை நாடகம் போல மேடையில் நடித்துக் காட்டினர். ஃபிரேம்டு (1972), நெக்ஸ்ட் (1973) ஆகியன இக்குழுவின் முதல் இரு தொகுப்புகள். டாம் ஜோன்ஸ் முன்னர் பாடிய டிலைலா பாடலை இவர்கள் 1975இல் வெளியிட்டனர். அது பிரித்தானியப் பட்டியலில் 7ஆம் இடத்தையும், த பாஸ்டன் டீ பார்ட்டி 1976இல் 13ஆம் இடத்தையும் அடைந்தன.

இறுதிக் காலம்

1976இல் குழுவின் மேலாளர் பில் ஃபெஹிலி விமான விபத்தில் இறந்தார். உடல்நலமும் குன்றிய நிலையில் ஹார்வி குழுவிலிருந்து விலகினார். மீண்டும் இணைந்து ராக் டிரில் (1978) தொகுப்பில் பாடினாலும், அது வெளிவருமுன் நிரந்தரமாகப் பிரிந்தார். 1979இல் வேறு கலைஞர்களுடன் த மாஃபியா ஸ்டோல் மை கிட்டார் தொகுப்பை வெளியிட்டார்.

1982இல் ஐரோப்பிய இசைப்பயணம் முடித்துத் திரும்பும் வழியில், பெல்ஜியத்தின் சேபுருகே துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருந்தபோது மாரடைப்பு ஏற்பட்டது. மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்படும் வழியில் இரண்டாம் முறை மாரடைப்பு ஏற்பட்டு உயிரிழந்தார். மறுநாள் அவரது 47ஆவது பிறந்தநாள். த சோல்ஜர் ஆன் த வால் என்ற இறுதித் தொகுப்பு அவரது மறைவுக்குப் பின் வெளியானது. அவர் எழுதிய த ஹாமர் சாங் பாடலை ஆஸ்திரேலியப் பாடகர் நிக் கேவ் 1986இல் பாடி வெளியிட்டார்.