அடகு போன உளி

செபப் புத்தகத்தில் நீர் வைத்திருக்கும் சிறு படத்தைப் பார்த்திருப்பீர். அத்தகைய பக்திப் படங்களை நூற்றுக்கணக்கில் செதுக்கியவர் பிளாந்தர்ஸ் நாட்டு ஆன்ட்வெர்ப் நகரத்து ஹிரோனிமுஸ் வீரிக்ஸ்.

1553-ல் பிறந்த அவர், பதின்மூன்று வயதிலேயே ஜெர்மானிய மேதை டூரரின் சித்திரத்தைத் தாமிரத் தகட்டில் பிசகாமல் செதுக்கிக் காட்டினார். ஆனால் குடி அவரைப் பிடித்தது. 1580-ஐ ஒட்டி, ஒரு பெண்ணின் சாவுக்குக் காரணமாகிச் சிறை சென்றார். வெளிவந்த பிறகும் குடி விடவில்லை. அவரிடமும் அவர் சகோதரரிடமும் வேலை பெற விரும்புவோர், மதுக்கடைகளில் தேடிப்பிடித்து, கடனை அடைத்து, அடகு போன கருவிகளையும் மீட்டுத்தர வேண்டும் என்று அச்சாளர் பிளாந்தேன் கடிதத்தில் முறையிட்டார்.

சேசு சபையாரோ அவர்களைக் கைவிடவில்லை. அர்ச். இஞ்ஞாசியாரின் தோழர் நடால் சுவாமி, பூசையில் வாசிக்கும் சுவிசேஷங்களைத் தியானிக்க ஒரு நூல் எழுதியிருந்தார். அதற்கான 153 படங்கள் 1593-ல் வெளிவந்தன. பெரும்பகுதி ஹிரோனிமுஸும் அவர் சகோதரர் இருவரும் செதுக்கியவை. 1637-ல் அலேனி சுவாமி சீனத்தில் வெளியிட்ட சேசுநாதர் சரிதைக்கும் அவையே மாதிரி.

1619-ல் ஹிரோனிமுஸ் இறந்தார். அழகிய படங்கள் அந்தப் பெண்ணின் உயிரைத் திருப்பித் தரவில்லை. கைத்திறன் வேறு, புண்ணியம் வேறு. ஆயினும் பலவீனமான கையையும் ஆண்டவர் தள்ளிவிடவில்லை. உம் வீட்டிலோ அண்டையிலோ குடியால் தொழிலை இழந்தவர் உண்டா? அவரை ஏசுவதோடு நில்லாதேயும். அடகு போன உளியை மீட்டுக் கொடும். இன்றிரவு அவ்விரு ஆத்துமங்களுக்காகவும் ஒரு பரலோக மந்திரம் சொல்லும்.