அருவியில் ஒளி கண்ட விமலசுரேந்திரா

ராகலையிலிருந்து நுவரெலியா சென்று, அங்கிருந்து நானுஓயாவை நோக்கி இறங்கும் நம் அங்கத்தவர்கள் பிளக்பூல் என்னும் இடத்தைக் கடந்து போவதுண்டு. 1912ஆம் ஆண்டில் அவ்விடத்து நீரின் வேகத்தைக் கொண்டு ஒரு சிறு நிலையம் அமைத்து, நுவரெலியா நகருக்கு மின்சார விளக்கேற்றியவர் ஒருவர் இருந்தார். இலங்கையில் நீர்மின்சாரத்தின் தந்தை எனப் போற்றப்படும் தே. ஜ. விமலசுரேந்திரா அவர்களே அவர். அன்னாரின் வாழ்வை இம்மலரில் நாம் நினைவுகூர்வது, அவர் நம் மலைநாட்டு அருவிகளை நேசித்தவர் என்பதற்காக மட்டுமன்று. ஒரு பெரும் வேலையின் செலவையும் காலத்தையும் எவ்வாறு எண்ணவேண்டும் என்பதற்கு அவ்வாழ்வு நல்லதோர் பாடமாகும்.

1874ல் காலியிலே பிறந்த விமலசுரேந்திரா, கொழும்பு ஆனந்தாக் கல்லூரியிலும் தொழில்நுட்பக் கல்லூரியிலும் பயின்று, பொதுவேலைப் பகுதியில் மேற்பார்வையாளராக உத்தியோகம் ஏற்றார். மஸ்கெலி ஓயா, கெஹெல்கமு ஓயாப் பக்கங்களில் பொன் கிடைக்குமா என ஆராயும் பணி அவருக்கு வாய்த்தது. பொன் தேடப் போனவர் கண்டது வேறு செல்வம். லக்சபான, அபர்டீன் அருவிகள் இரவும் பகலும் வீணே விழுந்துகொண்டிருந்தன. அன்று தோன்றிய எண்ணம் அவரை இறுதிவரை விடவில்லை.

1918ல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் அவர் ஓர் ஆய்வுரை சமர்ப்பித்தார். அருவியின் அழகு அவ்வுரையின் பொருளன்று; அருவி தரும் வலுவின் பொருளாதாரமே அதன் பொருள். எரிபொருளால் இயங்கும் நிலையத்தைக் குறைந்த பணத்தில் விரைவாகக் கட்டிவிடலாம். ஆனால் பிறநாட்டு எரிபொருளை ஆண்டுதோறும் விலைகொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கவேண்டும். நீர்மின் நிலையத்துக்கோ அணை, சுரங்கம், குழாய் என முதலிலே பெரும்பணம் வேண்டும். கட்டி முடிந்தபின் மழையே எரிபொருள். ஆகவே முதற்செலவை மாத்திரம் பார்ப்பவன் ஒரு முடிவுக்கும், முப்பது ஆண்டுக் கணக்கைப் பார்ப்பவன் வேறொரு முடிவுக்கும் வருவான்.

ஆளவந்தோர் முன்னதையே பார்த்தனர். 1920களில் லக்சபான வேலை தொடங்கியும், பணமுடையாலும் அபிப்பிராய பேதத்தாலும் இடையிலே நின்றது. தொடங்கி நிறுத்திய வேலையைப்போல் செலவு மிகுந்தது வேறில்லை. போட்ட பணம் பயன் தராது கிடக்கும், பாதை சிதையும், பழகிய வேலையாட்கள் கலைவர், மீண்டும் தொடங்கும்போது விலைகளும் ஏறியிருக்கும்.

நம் முன்னோர் விட்டுவந்த மதுரைச் சீமையை எண்ணிப் பார்ப்போம். பென்னிகுவிக் துரையின் பெரியாற்று அணையும் வெள்ளத்தையும் காய்ச்சலையும் கண்டதுதான். ஆயினும் 1887ல் தொடங்கிய வேலை 1895ல் நிறைவெய்தி, வைகைப் பாசனத்துக்கு நீர் வந்தது. லக்சபானவுக்கோ அவ்வாறான தொடர்ச்சி வாய்க்கவில்லை.

விமலசுரேந்திரா மனமுடைந்து மூலையில் அமர்ந்தாரில்லை. அரசாங்க உத்தியோகத்தை விட்டகன்று, 1931ல் இரத்தினபுரித் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகி, அங்கும் இதே திட்டத்துக்காக வாதாடினார். உலகப் பொருளாதார மந்தமும் யுத்தமும் குறுக்கிட்டன. ஈற்றில் 1950ல் லக்சபானவின் முதற் கட்டம் 25 மெகாவாற்று வலுவுடன் இயங்கத் தொடங்கிற்று. ஆய்வுரைக்கும் விளக்குக்கும் இடையே 32 ஆண்டுகள்! அவ்வொளியைக் கண்டபின், 1953ல் அவர் காலமானார். 1965ல் இயங்கத் தொடங்கிய நோட்டன்பிரிட்ஜ் மின்நிலையம் அவர் பெயரையே தாங்குகின்றது.

இங்கே நாம் மறைக்கலாகாத ஒன்றுண்டு. நம் மலைகளின் நீர் தலைநகரில் விளக்கேற்றிய பின்னரும் எத்தனையோ லயங்களில் குப்பி விளக்கே நெடுங்காலம் எரிந்தது. பின்னர் மவுசாகலை நீர்த்தேக்கம் எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகரும் அதன் கோயிலும் நீருள் மூழ்கின. நீர் வற்றும் காலங்களில் அக்கோயில் தலைகாட்டும்போது நம் பெரியோர் கைகூப்புகின்றனர். அவ்விழப்பை எந்த மதிப்பீட்டில் எழுதினார்கள்? ஒரு திட்டத்தின் செலவைக் கணக்கிடுவோர், அதைச் சுமப்பவர் யார், பயன் பெறுபவர் யார் என்பதையும் எழுதவேண்டும் என்பது நமது துணிபு.

வாலிபர்களே! நாளை நீங்கள் ஒரு வாசிகசாலையோ, தோட்டத்துப் பாதையோ, கோயில் மண்டபமோ கட்ட முற்படலாம். முதலில் இடத்தை நன்கு ஆராயுங்கள். மழைக்காலத்தை நாட்கணக்கில் சேருங்கள். எதிர்பாராச் செலவுக்கு ஒரு பங்கு ஒதுக்குங்கள். முடிக்கும் வழி தெரிந்தபின் கடைக்கால் தோண்டுங்கள், தோண்டியபின் நிறுத்தாதீர்கள். பெரியோர்களே! இளைஞர் கணக்கோடு வந்து நிற்கும்போது, தொகை பெரிதென்று உடனே மறுத்துவிடாது, கணக்கை இறுதிவரை கேளுங்கள். அன்று ஒரு மனிதரின் கணக்கை நாடு பொறுமையாகக் கேட்டிருந்தால், நம் அருவிகள் முன்னமே விளக்காகியிருக்கும்.