பந்தைத் தொட்ட கை: பல்வங்கர் பாலுவின் வாழ்க்கை

கிரிக்கெட் பந்து தோலினால் ஆனது. அதனைக் கையில் ஏந்தி ஆட எக்குலத்தாரும் தயங்கியதில்லை. ஆயினும் தோல் தொழில் செய்யும் ஒருவரின் கையிலிருந்து ஒரு குவளை நீர் வாங்கிப் பருக மறுத்த சமூகம் நம்முடையது. இம்முரண்பாட்டின் நடுவே பிறந்து, அதனோடு பொருதே வாழ்நாளைக் கழித்தவர் பல்வங்கர் பாலு. இந்தியத் துணைக்கண்டம் கண்ட முதற் பெரும் பந்துவீச்சாளர் இவரே எனின் அது மிகையாகாது.

பாலு 1876ஆம் ஆண்டு மார்ச் மாதம் 19ஆம் நாள் தார்வாரிற் பிறந்தார். கொங்கணக் கரையிலுள்ள பல்வன் என்னும் சிற்றூரே குடும்பத்தின் பூர்வீகம். பல்வங்கர் என்ற பெயரும் அவ்வூரால் வந்ததே. தோல் தொழிலைக் குலத்தொழிலாகக் கொண்ட சமார் வகுப்பைச் சேர்ந்தவர்கள் அவர்கள். தந்தையார் இராணுவத்தில் ஊழியம் புரிந்தமையால் குடும்பம் பூனா நகரில் வாழ நேர்ந்தது. படை அதிகாரிகள் ஆடி எறிந்த பழைய பந்துகளையும் துடுப்புகளையும் பொறுக்கியெடுத்தே பாலுவும் அவருடைய தம்பியரும் ஆட்டம் பயின்றனர். சிவராம், விட்டல், கண்பத் என்ற அத்தம்பியர் மூவரும் பிற்காலத்தில் பெயர்பெற்ற ஆட்டக்காரராயினர்.

பார்சிகளின் கழகமொன்றில் ஆடுகளத்தைப் பெருக்கி உருளை இழுப்பது பாலுவின் முதல் வேலை. மாதச் சம்பளம் 3 ரூபா. 1892ஆம் ஆண்டளவில் ஐரோப்பியர்க்கே உரிய பூனா கழகத்திற்கு மாறினார். சம்பளம் 4 ரூபாவாயிற்று. அங்கே வலைப்பயிற்சியின்போது துரைமார்க்குப் பந்து வீசுவதும் அவர் கடமையாயிற்று. இடக்கையால் மெதுவாகவும் நுட்பமாகவும் அவர் சுழற்றிய பந்தின் திறம் விரைவிலே வெளிப்பட்டது. கிரெய்க் என்ற புகழ்பெற்ற ஆங்கிலத் துடுப்பாளர், தம்மை வீழ்த்தும் ஒவ்வொரு முறைக்கும் எட்டணா வழங்கினார் எனக் கூறுவர். துரைமார் அவரது பந்துவீச்சை நாள்தோறும் விரும்பி நாடினர். துடுப்பை மட்டும் அவர் கையிற் கொடுத்தாரல்லர். பந்து வீசுதல் உழைப்பு. துடுப்பாடுதலோ உயர்ந்தோர்க்குரிய கலை என்பது அக்காலத்தோர் எண்ணம் போலும்.

பூனாவின் இந்துக்கள் ஐரோப்பியரோடு போட்டியிட முனைந்தபோது பாலுவைத் தவிர்க்க இயலவில்லை. குலத்தைப் பார்த்து விலக்கினால் வெற்றி போகும். வெற்றியைக் கருதிச் சேர்த்தால் ஆசாரம் போகும். நெடிய விவாதத்தின் பின் அவர்கள் ஒரு தந்திரம் கண்டனர். ஆட்டக்களத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டனர். தேநீர் வேளை வந்ததும் ஏனையோர் மண்டபத்தினுள்ளே பீங்கான் கிண்ணங்களிற் பருக, பாலுவுக்கு மட்டும் வெளியே மண் குவளையில் தேநீர் வழங்கப்பட்டது. உணவுக்கும் அவர்க்குத் தனித்தட்டு, தனியிடம். ஒரே நாளில், ஒரே அணியில், ஒரே மனிதர் வேண்டப்பட்டவராகவும் விலக்கப்பட்டவராகவும் வாழ்ந்தார்.

பின்னர் பாலு பம்பாய்க்குச் சென்று அங்குள்ள இந்து கழகத்தில் இடம்பெற்றார். 1906ஆம் ஆண்டு இந்துக்கள் ஐரோப்பியரை 109 ஓட்டங்களால் வென்ற பெரும் போட்டியில் பாலுவும் சிவராமும் ஆடினர். ஆள்வோரை ஆளப்படுவோர் களத்திலே வென்ற அச்செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. அடுத்த ஆண்டு பார்சிகளும் சேர்ந்து மும்முனைப் போட்டி உருவாயிற்று. 1912இல் முஸ்லிம்களும் இணைந்து அது நான்முனைப் போட்டியாயிற்று.

பாலுவின் புகழ் உச்சி தொட்டது 1911ஆம் ஆண்டுக் கோடைப் பருவத்தில். இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள் அனைவரையும் உட்கொண்ட முதல் அகில இந்திய அணி இங்கிலாந்து சென்றது அப்பொழுதே. அணித்தலைவர் பத்தொன்பது வயதே நிரம்பிய பட்டியாலா மகாராசா பூபிந்தர் சிங். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா நிகழ்ந்த அவ்வாண்டில் மகாராசாவை இலண்டனின் விருந்து மண்டபங்கள் ஈர்த்தன. போட்டிகள் சிலவற்றிலேயே அவர் ஆடினார். ஏனையோர் குளிரிலும் பழகாத ஆடுகளங்களிலும் தொடர்ந்து தோற்றனர். 23 போட்டிகளில் வெற்றி 6, தோல்வி 15, முடிவின்றி நின்றவை 2 என்பது அப்பருவத்தின் கணக்கு.

ஆயின் பாலுவின் கணக்கு வேறு. முப்பத்தைந்து வயதில், வாரந்தோறும் ஊர் மாறி ஊர் சென்று, ஓய்வின்றிப் பந்து வீசி, அவர் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற்கு எதிராக ஓர் இன்னிங்சில் 103 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகள். லெஸ்டர்ஷயர் அணியை வென்ற போட்டியில் அவர் வீழ்த்தியவை பதினொன்று. சோமர்செட் அணியை ஒரே விக்கெட்டால் வென்றபோது சதமடித்து நின்றவர் தம்பி சிவராம். தோற்ற அணியின் பெருமையைப் பெரிதும் தாங்கியவை, தாயகத்தில் தீண்டத்தகாதன எனப்பட்ட கைகளே.

பாலு பம்பாய் மீண்டபோது தாழ்த்தப்பட்ட மக்கள் அவர்க்கு வரவேற்பு அளித்தனர். அன்று வாசிக்கப்பட்ட பாராட்டிதழை எழுதியவர் அப்போது கல்லூரி மாணவராயிருந்த அம்பேத்கர் என்பர். தம் மக்களுள் ஒருவர் உலகம் வியக்க உயர்ந்து நிற்பதைக் கண்ட அவ்விளைஞரின் உள்ளம் எத்துணை நிமிர்ந்திருக்கும்!

அமெரிக்காவில் 1947ஆம் ஆண்டுப் பருவத்திலே புரூக்ளின் டாட்ஜர்ஸ் என்னும் பேஸ்பால் அணியிற் சேர்ந்து நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சனை உலகம் அறியும். கறுப்பினத்தவர் பெருஞ்சங்க அணிகளிற் சேர்தல் கூடாது என்ற தடை அவர் களம் புகுந்த நாளிலே தகர்ந்தது. பாலுவின் முன் நின்ற தடை நுட்பமானது. ஆட்டக்களம் அவர்க்குத் திறந்தே கிடந்தது. அணித்தலைமையோ அடைபட்டுக் கிடந்தது. இந்து அணியின் தலைமைக்கு அவரினும் தகுதியுடையார் இலர் எனப் பலர் எடுத்துரைத்தும், ஆண்டுதோறும் உயர்குலத்தார் ஒருவரே தலைவரானார். அவ்வாறு தலைமை பெற்ற பை என்பவரே, அது பாலுவுக்கு உரியது எனப் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார்.

1920இல் பாலு அணியிலிருந்தே விலக்கப்பட்டார். சிவராமும் விட்டலும் அது பொறாது ஆட மறுத்து, தம் கண்டனத்தைப் பகிரங்க அறிக்கையாக வெளியிட்டனர். காந்தியடிகளின் தீண்டாமை எதிர்ப்புக் குரல் நாட்டில் ஒலிக்கத் தொடங்கிய காலம் அது. பொதுமக்கள் சகோதரர் பக்கம் நின்றனர். பாலு உபதலைவராக மீண்டும் அழைக்கப்பட்டார். தலைவர் பை வேண்டுமென்றே சிறிது நேரம் களத்தைவிட்டு நீங்க, அந்தச் சிறு பொழுதில் பாலு அணியை நடத்தினார். வாழ்நாள் முழுதும் உழைத்தவர்க்குக் கிட்டிய தலைமை அவ்வளவே. 1923இல் விட்டல் முறைப்படி தலைவராக்கப்பட்டார்; அவர் தலைமையில் இந்துக்கள் ஐரோப்பியரை வென்றனர். தமையன் உழுத நிலத்தில் தம்பி அறுவடை செய்தார்.

ஆட்டத்தை விட்டபின் பாலு பொதுவாழ்விற் புகுந்தார். 1932இல் காந்தியடிகள் எரவாடாச் சிறையில் உண்ணாநோன்பு மேற்கொண்டபோது, சென்னையைச் சேர்ந்த தமிழ்த் தலைவர் எம். சி. ராஜாவோடு நின்று உடன்பாட்டுக்காக உழைத்தார். தனித்தொகுதிக்குப் பதிலாகத் தாழ்த்தப்பட்டோர்க்கு 148 இடங்களை ஒதுக்கிய பூனா ஒப்பந்தத்தில் அவர் கைச்சாத்தும் உண்டு. 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரஸ் அவரை அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. அம்பேத்கர் 13,245 வாக்குகளும் பாலு 11,225 வாக்குகளும் பெற்றனர். ஒருகாலத்தில் பாராட்டிதழ் தந்தவரும் பெற்றவரும் எதிரெதிரே நின்றது காலத்தின் கோலம். சமூகத்தோடு இணங்கி நின்று அதன் மனத்தை மாற்றலாம் என நம்பினார் ஒருவர். உரிமையைப் போராடியே பெறவேண்டும் எனக் கண்டார் மற்றவர். பாலுவின் சொந்த வாழ்க்கையே அம்பேத்கரின் கட்சிக்குச் சான்றாக அமைந்தது என்பதை மறுத்தல் இயலாது.

1955ஆம் ஆண்டு ஜூலை மாதம் 4ஆம் நாள் பாலு மறைந்தார். தீண்டாமையைக் குற்றமாக்கிய சட்டம் இந்தியாவில் நடைமுறைக்கு வந்து ஒரு மாதம் கழிந்திருந்தது.

கல்முனையைச் சூழ்ந்த ஊர்களிலும் நாவிதன்வெளி போன்ற விவசாயக் கிராமங்களிலும் அறுவடை முடிந்த வயல்களில் நம் பிள்ளைகள் துடுப்பும் பந்துமாய்த் திரள்கின்றனர். நன்றாக வீசுபவன் கையிற் பந்தைக் கொடுக்க அவர்கள் தயங்குவதில்லை. பூனாவின் இந்துக்களும் அதற்குத் தயங்கியதில்லை. ஆகவே ஆட்டக்களத்தில் மட்டும் சமத்துவத்தைக் கண்டு நாம் மனநிறைவு கொள்ளலாகாது. பந்தைக் கொடுத்த அதே மனத்தோடு கிண்ணத்தையும் தலைமையையும் கொடுக்கிறோமா என்பதே பாலுவின் வாழ்க்கை நம் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் விட்டுச் சென்ற வினா.