ஆன்செல் ஆடம்ஸ்: பிறர் படத்தைப் பார்த்துத் தன் வழியைக் கண்டவர்

மழை விட்ட மறுநாள் காலையில் நம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால், மொட்டை மாடியிலிருந்து எடுத்த வானப் படங்கள் வரிசையாக வந்திருக்கும். எல்லோர் கையிலும் கேமரா இருக்கும் காலம் இது. எடுக்கிறோம், உடனே அனுப்புகிறோம். ஆனால் அடுத்தவர் எடுத்த படத்தை ஒரு நிமிடமாவது நின்று பார்க்கிறோமா? அப்படி நின்று பார்த்ததால் வாழ்க்கையே திசை மாறிய ஒருவரைப் பற்றி இந்த இதழில் தெரிந்துகொள்வோம்.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் 1902 பிப்ரவரி 20 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்தார். 1906ஆம் ஆண்டின் பெரிய நிலநடுக்கத்தை அடுத்து வந்த ஓர் அதிர்வில் கீழே விழுந்து மூக்கு உடைந்தது. கோணிய அந்த மூக்கு கடைசி வரை அப்படியே இருந்தது. ஓரிடத்தில் உட்காராத பிள்ளைக்குப் பள்ளி ஒத்துவரவில்லை. அப்பா சார்லஸ் அவரைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டில் படிக்க வைத்தார். 1915இல் ஊரில் நடந்த உலகக் கண்காட்சிக்கு ஆண்டு முழுவதும் போய்வர அனுமதிச் சீட்டு வாங்கித் தந்தார். அந்த ஆண்டு அதுதான் பள்ளிக்கூடம்.

12 வயதில் ஆன்செல் தானாகவே பியானோ வாசிக்கக் கற்றுக்கொண்டார். பிறகு நல்ல ஆசிரியர்கள் அமைந்தார்கள். பியானோக் கலைஞராவதுதான் குறிக்கோள் என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். இதற்கிடையில் 1916இல் குடும்பத்தோடு யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குச் சுற்றுலா போனார். அங்கே பெற்றோர் கையில் கொடுத்த சாதாரண கோடக் பிரௌனி பெட்டிக் கேமரா அவரை விடவில்லை. அதன்பின் ஆண்டு தவறாமல் அந்த மலைகளுக்குப் போனார்.

அந்தக் காலத்தில் புகைப்படம் ஓவியம் போல இருந்தால்தான் கலை என்று பலர் நினைத்தார்கள். உருவங்களை மங்கலாக்கி, சொரசொரப்பான தாளில் அச்சிடுவது வழக்கம். ஆன்செலும் அப்படித்தான் செய்தார். 1927இல் அவருடைய முதல் படத்தொகுப்பு வந்தபோது, புகைப்படம் என்று சொன்னால் விலைபோகாது என்று பதிப்பாளர் வேறொரு பெயரையே வைத்தார்.

அதே ஆண்டு ஏப்ரலில் ஹாஃப் டோம் என்ற பாறை முகட்டைப் படமெடுக்கப் போனார். மிஞ்சியது இரண்டே கண்ணாடித் தகடுகள். ஒன்றை மஞ்சள் வடிகட்டியோடு எடுத்துவிட்டார். அந்தக் காட்சி மனதில் எழுப்பிய உணர்வு அதில் வராது என்று உடனே புரிந்தது. கடைசித் தகட்டுக்குச் சிவப்பு வடிகட்டியைப் போட்டார். வானம் கறுத்து, பாறை கம்பீரமாக நின்றது. வழி கொஞ்சம் தெரிந்தது. ஆனாலும் பியானோவா, கேமராவா என்ற கேள்வி தீரவில்லை. 1928இல் திருமணமும் ஆகிவிட்டது. இரண்டு தோணியில் எத்தனை நாள் கால் வைப்பது?

1930இல் நியூ மெக்சிகோவின் தாவோஸ் ஊரில் பால் ஸ்ட்ராண்டைச் சந்தித்தார். ஸ்ட்ராண்ட் அப்போதே பெயர் பெற்ற புகைப்படக் கலைஞர். அவரிடம் அச்சிட்ட படம் ஒன்றுகூட இல்லை, நெகட்டிவ்கள் மட்டுமே இருந்தன. வெள்ளைத் தாளை வைத்து, வெளிச்சத்தில் அவற்றை ஒவ்வொன்றாகக் காட்டினார். ஓவியத்தின் சாயல் இல்லை, மங்கல் இல்லை. ஒளியும் நிழலும் உருவமும் துல்லியமாக நின்றன. புகைப்படம் புகைப்படமாகவே கலையாக முடியும் என்பது ஆன்செலுக்கு அங்கே விளங்கியது.

ஊர் திரும்பியதும் புகைப்படமே தன் வாழ்க்கை என்று முடிவு செய்தார். அம்மாவும் சித்தியும் கலங்கிப்போனார்கள். மனித ஆன்மாவைக் கேமராவால் காட்ட முடியாது, பியானோவை விட்டுவிடாதே என்று கெஞ்சினார்கள். அவர் மாறவில்லை. சொரசொரப்பான தாளை விட்டுப் பளபளப்பான தாளுக்கு மாறினார். ஆனால் ஸ்ட்ராண்டின் படங்களை நகலெடுக்கப் போகவில்லை. தன் மலைகளுக்கே திரும்பினார்.

கற்பதையும் நிறுத்தவில்லை. பத்திரிகை ஒன்றில் பிறரின் கண்காட்சிகளைப் பற்றி விமர்சனம் எழுதினார். எட்வர்ட் வெஸ்டனின் படங்கள் முதலில் அவருக்கு முழுதாகப் பிடிக்கவில்லை. பார்க்கப் பார்க்கப் பிடித்தது. 1932இல் வெஸ்டன், இமோஜென் கன்னிங்ஹாம் முதலியோருடன் சேர்ந்து எஃப் 64 என்ற குழுவைத் தொடங்கினார். கேமராவின் மிகச் சிறிய துளை அளவைக் குறிக்கும் பெயர் அது. அந்தத் துளையில் எடுத்தால் அருகிலிருப்பதும் தொலைவிலிருப்பதும் தெளிவாக விழும். 1933இல் நியூயார்க் போய், மூத்த கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸிடம் தன் படங்களைக் காட்டினார். 1936இல் ஸ்டீக்லிட்ஸே தன் கூடத்தில் அவருக்குக் கண்காட்சி நடத்தினார்.

தான் பெற்றதைப் பிறருக்கும் திறந்துவிட்டார். 1940இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் புகைப்படத்துக்கெனத் தனித் துறை உருவாகத் துணைநின்றார். நல்ல படங்களை யாரும் போய்ப் பார்க்க ஓர் இடம் கிடைத்தது. கேமரா, நெகட்டிவ், அச்சு பற்றிப் பாடநூல்கள் எழுதினார், பயிற்சி முகாம்கள் நடத்தினார். பியானோவையும் அடியோடு மறக்கவில்லை. நெகட்டிவை இசைக்குறிப்புக்கும், அச்சிடுவதைக் கச்சேரிக்கும் ஒப்பிட்டுச் சொல்வது அவர் வழக்கம். 1984 ஏப்ரல் 22 அன்று 82 வயதில் மறைந்தார். யோசெமிட்டியை ஒட்டிய ஒரு வனப்பகுதி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அடுத்த முறை நம் குழுவில் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு படம் போட்டால், கட்டைவிரலை உயர்த்திவிட்டுக் கடந்துபோகாமல் சற்று நின்று பாருங்கள். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எதைச் சேர்த்திருக்கிறார், எதை விட்டிருக்கிறார் என்று கவனியுங்கள். பிறகு அதே மாடிக்கு நீங்களும் ஏறிப் பாருங்கள். உங்கள் கண்ணுக்கு வேறொன்று தென்படும்.